ஸ்டெல்லா அக்காவின் ஒரே சிறுநீரகம்

ஸ்கேன் படத்தைக் கணினியில் திறந்தபோது நான் முதலில் கட்டியைத்தான் பார்த்தேன். இரத்தக் குழாய்கள் சிறுநீரகத்துக்குள் நுழையும் இடத்தை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் பார்த்தேன். அங்கே சிறுநீரகமே இல்லை. அப்புறம்தான் மேலே இருந்த பெயரைப் படித்தேன். ஸ்டெல்லா அக்கா.

சபையாரே, உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், என் சின்ன வயதில், எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பால்மரம் வெட்டப்போன அம்மா திரும்பும்வரை எனக்குச் சோறு போட்டவர். கல்யாணமாகி இப்போது ரஹாங் பக்கம் குடியிருக்கிறார். கணவர் சேவியர் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றினார். மிச்சமிருந்த அந்த ஒன்றில்தான் இப்போது புற்றுநோய்.

நான் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அறுவை செய்கிறவன். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பிழைக்கவைப்பது எப்படி என்று பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். அதனாலேயே எனக்குப் பயம் அதிகம். அந்த இடத்துக் கட்டி என்னென்ன செய்யும் என்று கட்டுரை எழுதியவனே நான்தான். என் மூத்த மருத்துவர்கள் சிறுநீரகத்தையே எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தால் உயிர் தப்பும். ஆனால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்.

இதை அவர்கள் இருவரிடமும் மெதுவாகச் சொன்னேன். சேவியர் அண்ணன் சட்டைக்கு மேலே, அக்கா கொடுத்த சிறுநீரகம் இருக்கும் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“டாக்டர், இது அவளோடதுதானே. நான் வெச்சிருந்தது போதும் லா. எடுத்து அவளுக்கே வெச்சிருங்க.”

அப்படிச் செய்ய முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ கட்டிய மட்டும் எடு. நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். நீயும் பண்ணு.”

அறுவைக்கு முன் ஜெபிப்பது என் வழக்கம்தான். ஆனால் இன்னது வேண்டும் என்று கேட்கத் துணிந்ததில்லை. அந்த வாரம் கேட்டேன். கார் ஓட்டும்போதும் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. பயமும் போகவில்லை.

அறுவை அன்று காலை சேவியர் அண்ணனும் நம் போதகரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே, சிறுநீரகத்தைச் சுற்றி ஐஸ் போட்டு, அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைக் கவ்வியால் அடைத்தேன். அடைத்த பிறகு தாமதிக்க முடியாது. இரத்தமில்லாத ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கட்டி குழாயோடு ஒட்டியிருந்தது. பிரித்தெடுத்தேன். வெட்டிய இடத்தைத் தைத்தேன். கவ்வியைத் திறந்தேன்.

நிறம் திரும்பவில்லை.

இரத்தம் ஓடினால் சிறுநீரகம் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். சாம்பல் பூத்தாற்போல் அப்படியே கிடந்தது. தமனி சுருங்கிப்போயிருந்தது. அதைத் தளர்த்தும் மருந்தை விட்டோம். வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றினோம். இரத்த அழுத்தம் சரியாகவே இருக்கிறது என்றார் மயக்க மருத்துவர் ரொஹானா. அப்படியானால் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. எதிரில் நின்ற உதவி மருத்துவர், எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். என் விரல்கள் அதன் மேல் இருந்தன. கண்ணை மூடப் பயமாயிருந்தது. திறந்தபடியே கேட்டேன். ஆண்டவரே, எனக்குத் தெரிந்தது இத்தோடு முடிந்தது. அக்கா கேட்டதைக் கொடும்.

விரலுக்குக் கீழே லேசாக ஒரு துடிப்பு. பிறகு ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அது மெல்ல மெல்லப் பரவியது. ரொஹானா முகக்கவசத்துக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் ஸ்தோத்திரம் என்றேன்.

ஆனால் நிறம் வந்ததே தவிர, சிறுநீர் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கட்டிலில் மாட்டிய பை காலியாகவே தொங்கியது. அக்காவின் முகம் வீங்கியது. டயாலிசிஸ் தொடங்கினோம். இனி இதுதானோ என்று எனக்குள் உடைந்துபோனேன். சபையில் நீங்கள் உபவாசமிருந்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிறு காலை வார்டுக்குப் போனேன். சேவியர் அண்ணன் குனிந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கொஞ்சம் மஞ்சள் நீர். ஒரு வாய் தேநீர் அளவுதான் இருக்கும். நான் அந்தத் தரையிலேயே மண்டியிட்டேன். என்னோடு வந்த தாதி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

நாளுக்கு நாள் அது கூடியது. டயாலிசிஸை நிறுத்தினோம். கட்டியை மிச்சமில்லாமல் எடுத்தாகிவிட்டது என்று பரிசோதனையும் சொன்னது. அக்கா இப்போது பழையபடி பசார் சந்தையில் தோசைக்கடை போடுகிறார்.

ஜெபித்தும் நான் இழந்த நோயாளிகள் உண்டு. அவர்கள் வீட்டாரும் இங்கே உங்களிடையே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். ஆனால் அன்று என் கை நின்ற இடத்தில் கர்த்தர் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதை மறைக்க முடியாது. இப்போதெல்லாம் அறுவைக்கு முன் நோயாளியிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். அதையே, அவர் பெயரைச் சொல்லி, தேவனிடம் கேட்கிறேன்.

மருத்துவர் சொன்னதைக் கேட்டுக் கலங்கி இங்கே வந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வைத்தியத்தை விடாதீர்கள். ஜெபிக்கத் தைரியம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பயம் போகாவிட்டாலும் கேளுங்கள், அவர் செவிகொடுப்பார். ஆராதனை முடிந்ததும் நானும் அக்காவும் முன்வரிசையில் இருப்போம். வாருங்கள், சேர்ந்து கேட்போம்.