ஒப்பாரிப் புத்தகத்தை வாசித்துக் காட்டிய நாள்

ஒரு புத்தகம் யாரைப் பற்றியதோ, அவர்கள் முன்னால் அதை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. எங்கள் பதிப்பகத்தின் வழக்கம் இது. பல்கலைக்கழகம் நடத்தும் சின்னப் பதிப்பகம். புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே, வாய்க்காலுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இரண்டு அறைகள். உள்ளூர் வரலாறு, கவிதை, கோயில், சர்ச், தர்கா இவற்றைப் பற்றிய புத்தகங்கள் போடுகிறோம். வேறு யாரும் போட மாட்டார்கள், அதனால் நாங்கள் போடுகிறோம். நான் அங்கே பதிப்பாசிரியை. சேர்ந்த புதிதில் இந்த வழக்கத்தைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிழை பார்க்க எனக்குக் கண் இருக்கிறது, ஊரைக் கூட்டி எதற்கு ஒரு கச்சேரி என்று நினைத்தேன்.

முதல் கச்சேரியிலேயே வாயடைத்துப் போனேன். ஒரு கிராமத்துக் கோயிலின் வரலாறு அது. கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்து படித்தோம். தேர்வடத்தை முதலில் தொடும் உரிமை எந்த வீட்டாருக்கு என்ற பக்கம் வந்ததும் இரண்டு பங்காளி வீட்டுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நான் பயந்துபோய்ப் படிப்பதை நிறுத்தினேன். அவர்களில் ஒருவர் திரும்பி, “நீங்க பாட்டுக்குப் படிங்க மேடம், நாங்க ஒரு பக்கம் சண்ட போட்டுக்கறோம்” என்றார். அப்புறம் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் ஒருவரின் கவிதைத் தொகுப்பு. அவர் வேலை செய்யும் இடத்திலேயே படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மரியாதைக்காக எல்லா மிஷினையும் நிறுத்தினார்கள். நாலு கவிதை போனதும் கூட வேலை செய்பவர் ஒருவர், “அந்தச் சத்தம் இல்லாம இது நல்லால்ல” என்று சொல்லிவிட்டு ஒரு மிஷினை மறுபடி ஓடவிட்டார். அவர் சொன்னது சரிதான். நான் தொண்டை கிழியக் கத்திப் படித்தேன், கவிதை நன்றாக இருந்தது.

தன் வாழ்க்கை ஒரு புத்தகத்திலிருந்து சத்தமாக வெளியே வருவதைக் கேட்கும்போது மனிதர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இவர்கள் தினமும் மார்க்கெட்டுக்கும் பட்டறைக்கும் போய் வருகிறார்களா என்று மலைத்துப் போகிறேன்.

ஒப்பாரிப் புத்தகம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. எங்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் வைத்திக்குப்பத்தில் ஒப்பாரிகளைச் சேகரித்திருந்தார். நல்ல மனிதர், அடிக்குறிப்பு போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாட்டெல்லாம் ஒரே ஒருவர் பாடியது. காலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் பெண். குப்பத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் மனைவிக்காக மனைவியாகவும், மகளுக்காக மகளாகவும் இருந்து பாடுவார். அக்கா என்றே அவரைக் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, “எழுதிக்க, பேர மட்டும் போட்டுடாத” என்றார்.

வழக்கப்படி படித்துக் காட்ட வேண்டும். எங்கே படிப்பது? பதிப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கணினியில் பக்கம் அமைக்கும் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி கேட்கக் கூடாதாம், கேட்டால் அந்த இடம் ஒரு சாவைத் தேடுமாம். “நீங்க படிக்கறதா இருந்தா நான் லீவு மேடம்” என்றாள். சிரிக்கலாம் என்று பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவின் வீட்டிலும் கூடாது, கோயில் பக்கம் பேச்சே இல்லை. கடைசியில் அக்காவே போனில் சொன்னார்: “கடக்கரைக்கு வந்துடுங்க. அங்க யாரு வூடும் கெடையாது. நானு அந்த சாருக்குப் பாடிக் காட்டனதும் அங்கதான்.”

போகும்போது ஆட்டோவில் பேராசிரியர் அக்காவைப் பற்றி இன்னொன்று சொன்னார். அக்காவின் கணவர் சில வருஷங்களுக்கு முன்னால் தனியாகக் கடலுக்குப் போனவர். தெற்கே எங்கேயோ அவருடைய கட்டுமரம் ஒதுங்கியது. அவர் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும் அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. மெரிக்குப் போய் இறப்பு எழுதிவிடலாம் என்று கூப்பிட்டதற்கும் போகவில்லை. நகராட்சி அலுவலகத்தை இங்கே பழைய ஆட்கள் இன்னமும் மெரி என்றுதான் சொல்கிறார்கள். “அவரு வந்தா நான் என்ன மூஞ்சிய வெச்சிக்கறது” என்று கேட்டாராம். பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு, கடல் ஆளைத் திருப்பிக் கொடுக்காது என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். நான் தலையாட்டினேன்.

சாய்ந்த வெயில். கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளின் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகளெல்லாம் வந்து இறங்கும் கரை. அன்றைக்கு நாங்களும் மீன் நாற்றமும்தான். அக்கா கட்டான உடம்பு, வெற்றிலை போட்ட வாய், நெற்றியில் பெரிய குங்குமம். அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர் அடுத்த வீட்டுக்காரர். இந்த அம்மாவின் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்துபோனவர். கொத்தனாராக இருந்தவர். அவர் மனைவியைக் குப்பத்தில் எல்லோரும் கொத்தனார் வீட்டம்மா என்றே சொன்னார்கள்.

படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பில், யார் இறந்தபோது பாடியது என்று பேராசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார். பச்சைக் குழந்தைக்குப் பாடியது, மாமியாருக்குப் பாடியது, வெளிநாட்டில் செத்துப் பெட்டியில் வந்த பையனுக்குப் பாடியது. என் குரலில் ராகம் கிடையாது, பாடப் புத்தகம் ஒப்பிக்கிற மாதிரிதான் படித்தேன். முதலில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். “இப்படி எழவு கொட்டனா பொணம் எழுந்து ஓடிப்பூடும்மா” என்றார் அக்கா. மாமியார் பாட்டு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். ராகமே இல்லாத அந்தச் சொற்கள் அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். நான் எழுதிய வரிகள் அல்ல, நான் அழுத சாவுகளும் அல்ல. ஆனாலும் புரூஃப் தாளில் விரலை வைத்து, ஒரு வரியையும் தாண்டாமல் படித்துக்கொண்டு போனேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. மேசையில் வைத்து எத்தனையோ முறை பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று நான் தள்ளிவிட்ட பக்கம். தலைப்பு வரியைப் படித்தேன்: “கடலில் இறந்த தன் கணவனுக்காகப் பாடியது.”

பாதி வரியிலேயே நிமிர்ந்து அக்காவின் நெற்றியைப் பார்த்துவிட்டேன். வாய் அதற்குள் வரியை முடித்துவிட்டது.

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “யாரு செத்தது?”

பேராசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டைக் கேட்டால் அப்படித்தான் தெரிந்தது, அதனால் எழுதிவிட்டேன் என்று தடுமாறினார். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் எந்தச் சொந்தக்காரராலும் செய்ய முடியாததை ஒரு புத்தகம் செய்துவிட்டது. அவரைத் தாலியறுத்தவள் என்று ஊர் நடுவே சத்தமாகச் சொல்லிவிட்டது, என் வாயால். அச்சாகிவிட்டால் அதை யார் அழிப்பது?

“எதப் பாத்து எழுதனாரு? அதப் படிம்மா” என்றார் அக்கா. படித்தேன்.

மத்த மரம் கரை சேர – என் ராசா
மணலெல்லாம் சிரிச்சிருக்க
உன் மரத்தக் காணமின்னு – என் ராசா
ஓயாத அலையக் கேட்டேன்
பொங்கி வெச்ச சோறாற – என் ராசா
போன வழி பாத்திருக்கேன்

“இதுவா?” என்று சட்டென்று எழுந்தது கொத்தனார் வீட்டம்மாவின் குரல். “இது எம் புருசனுக்குப் பாடனது சார். எம் வூட்டு வாசல்ல, அவர கெடத்தியிருக்கும்போது. நான் பக்கத்துலதான் குந்தினு இருந்தேன். நீங்க என்னா தப்புத்தப்பா எழுதினு வந்து நிக்கறீங்க?”

பேராசிரியருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் அவருடைய புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. “இல்லம்மா, உங்க வீட்டுக்காரர் கொத்தனார்தானே? அவருக்குப் பாடின பாட்டுல கட்டுமரம் எப்படி வரும்?” என்று கேட்டார். அவரைக் கடலில் தள்ளினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அக்காதான் பதில் சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல். “அவ புருசனத்தான் பாடணும்னு போனேன் சார். அவரு கட்டன வூட்டப் பாடலாம், சாரத்துல ஏறி நிக்கறதப் பாடலாம்னு நெனச்சினுதான் போயி குந்தனேன். வாயத் தொறந்தா மரம்தான் வந்துச்சு. நிறுத்த முடில. முழுசும் பாடி முடிச்சிட்டேன்.” பிறகு அடுத்த வீட்டுக்காரரின் பக்கம் திரும்பி, “ஓம் புருசனுக்கு நான் அழுவல. மன்னிச்சிக்க” என்றார். சொல்லும்போதே உடைந்து அழுதார்.

“எனக்குத் தெரியாதாடி?” என்றார் கொத்தனார் வீட்டம்மா. குரலில் கோபம் இருந்தது. “நீ மரம்னு எடுத்த ஒடனே தெரிஞ்சிச்சு. எம் புருசன் கடல்ல கால நனைச்சதே மாசி மகத்துக்குத்தான். ஒன் வூட்ல நீ அழுவ முடியாது, அழுதா அவரு செத்தமேரி ஆயிடும். ஒனக்கு அழுவறதுக்கு ஒரு சாவு வேணும் இல்ல? எங்க வூட்டுதுல அழுதுக்கட்டும்னுதான், நான் என் அழுகைய நிறுத்திட்டு ஒனக்கு எடம் வுட்டு குந்தினு இருந்தேன்.”

நான் எத்தனையோ சமய நூல்களைப் பதிப்பித்திருக்கிறேன். கருணை பற்றியும் தியாகம் பற்றியும் தலையணை தலையணையாகப் படித்துத் திருத்தியிருக்கிறேன். புருஷனின் பிணம் வாசலில் கிடக்கையில், தன் கழுத்தில் தாலி இன்னும் இருக்கையில், பக்கத்தில் இருப்பவளின் துக்கம் தன்னுடையதைவிடப் போக்கிடம் இல்லாதது என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. தன் புருஷனின் சாவைக் கொஞ்ச நேரம் அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். அதைப் பற்றி இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த அம்மாவின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொத்தனார் வீட்டம்மா தன் முந்தானையை எடுத்து அக்காவின் முகத்தைத் துடைத்தார். கன்னத்தை அழுத்தித் துடைத்தவர், நெற்றிக்குப் போகும்போது கையை மெல்லமாக்கி, குங்குமத்தில் படாமல் சுற்றி வந்தார்.

பேராசிரியர் என் கையிலிருந்து புரூஃப் தாளை வாங்கித் தன்னுடைய வரியைத் தானே அடித்தார். அடித்துவிட்டு, இந்த இடத்தில் இப்போது என்ன போடுவது என்று என்னைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவரிடம் அடிக்குறிப்பு எதுவும் இல்லை. உண்மையைப் போட்டால் அக்காவுக்குப் பொட்டுப் போகும். பொய்யைப் போட்டால் பாட்டு யாருக்கும் இல்லாததாகிவிடும்.

“இதுல என்னா யோசன?” என்றார் கொத்தனார் வீட்டம்மா. “எம் புருசனுக்குன்னே போடுங்க. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு, தங்கமான மனுசன். கொத்தனாரு கட்டுமரத்துல போனாருன்னா போயிட்டுப் போறாரு.”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள், அழுதுகொண்டே. நான் பென்சிலை எடுத்து எழுதினேன். மாற்றிய வரியையும் படித்துக் காட்டியாக வேண்டும், அதுவும் வழக்கம்தான். “அடுத்த வீட்டுக் கொத்தனார் இறந்தபோது பாடியது” என்று படித்தேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். எழுத்துகளின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார்.

“புத்தகம் வந்தா எனக்கு ஒண்ணு குடுத்துடும்மா. வூட்ல வெச்சிக்கறேன்” என்றார். “ஆனா அவரு வந்தா இந்தப் பக்கத்த மட்டும் காட்ட மாட்டேன். நான் செத்துட்டேன்னு நெனச்சி அழுதியாடின்னு கேப்பாரு.”