வாசலால் போகாத மேசை

துறைமுகத்தை அடுத்த எங்கள் ஒழுங்கையில் சில காலம் வாடகைக்கு இருந்தவர் அவர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பித்தான் கழற்றி வைப்பார்.

என் கராஜ் மோட்டார் சைக்கிள் ஒன்று மட்டும் நுழையக்கூடியது. தச்சு வேலைக்கு மேசை ஒன்றை அதற்குள்ளேயே வைத்து அடித்து, உருட்டுவதற்கு நாலு சில்லும் பூட்டினேன். மற்றப் பக்கம் பிடிக்க அவர்தான் வந்தார்.

முடிந்ததும் கேட்டார். “வாசலால போகுமோ?”

“இது ஏன் அண்ணை வெளியில போகோணும்? சைக்கிளுக்கு இடம் விட்டு ஒதுக்கத்தானே சில்லு.”

“ஓம். எண்டாலும் ஒருக்கா உருட்டிப் பாருங்கோ.”

உருட்டினோம். வாசலில் இறுகி நின்றது. இரண்டு விரல் அகலம் கூடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“அம்மாவுக்கு எண்டு அறைக்குள்ள வைச்சே ஒரு கட்டில் அடிச்சனான். ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, வாசலால அதைக் கொண்டு போக ஏலாமப் போச்சு.”

கைவாளை எடுத்து, மேசையின் ஓரத்தைத் தானே அறுத்தார்.

பிறகு அவர் வீடு மாறிப் போய்விட்டார். மேசை இன்றுவரை கராஜை விட்டு வெளியே போனதில்லை. ஆனாலும் வேலை முடிந்து ஒதுக்கும்போது, அதை வாசலைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்துகிறேன்.