மதலேனா அக்காவின் பேட்டரி ரம்பம்

பேட்டரியைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்த பிறகுதான் மதலேனா அக்கா ரம்பத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிளேடைத் துடைக்கவேண்டுமா, வெட்டும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கவேண்டுமா, மரத்தூளை ஊதவேண்டுமா, எதுவானாலும் முதலில் பேட்டரி வெளியே வந்துவிட வேண்டும். "உசுர எடுத்துட்டுத்தான் தம்பி இதைத் தொடணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பூப்போட்ட கவுனுக்கு மாறி, காரிடாரில் இரண்டு மரப் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுவிட்டாரென்றால் எங்கள் மாடியில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். நானும் கதவோரம் வந்து நின்றுகொள்வேன். வயிறு எரிய எரிய நிற்பேன்.

எரியாமல் என்ன செய்யும்? நான் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்க்கிறவன். ஆங் மோ கியோவில் அண்ணன் வீட்டு நடு அறையில் குடியிருக்கிறேன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை. அந்த ரம்பம் ஜப்பானிலிருந்து எங்கள் கடைக்கு வந்து கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்த நாள் முதல் தினமும் அதைத் துடைத்தவன் நான். வயர் கிடையாது, பிளக் கிடையாது. அடியில் ஒரு பேட்டரியைச் செருகினால் வட்டமான பிளேடு சுற்றும். வாங்கிவிட வேண்டும், வாங்கிவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் மனக்கோட்டை கட்டினேன். எங்கள் முதலாளியோ ஒரு நாள் திடீரென்று தாராள மனதுக்காரராகி, எங்கள் மாதா கோயில் ஃபன் ஃபேரில் லக்கி டிரா பரிசாக வைத்துக்கொள்ளச் சொல்லி அதைக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பித்த வருஷம் அது. நான் ஒரு புத்தகம் டிக்கெட் வாங்கினேன். மதலேனா அக்காவின் கணவர் லாசரஸும் ஒரு புத்தகம் வாங்கினார். டிக்கெட் விற்ற ரூபி வழியை மறித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதால் அக்கா ஒரே ஒரு டிக்கெட் வாங்கினார். மேடையில் அவருடைய நம்பரைத்தான் படித்தார்கள். லாசரஸுக்கு ஆறுதலாக ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை.

லாசரஸ் ரெனவேஷன் தச்சர். எத்தனையோ எச்டிபி அடுக்குமாடி வீடுகளில் கிச்சன் கேபினட் அவர் கைவேலை. ரம்பம் வீட்டுக்கு வந்ததும் புருஷன் கைக்குப் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்துப் பெட்டியைப் பிரித்தார். அக்கா வந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது என்னோடது லா" என்றார். அந்த வார்த்தை மூன்று வீடு தள்ளி இருக்கும் எனக்கே கேட்டது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை, அதுவும் கை ஆபரேஷன் செய்கிற வார்டில். குட்டையான, பருமனான உருவம். வார்டில் பாட்டி முதல் டாக்டர் வரை அதட்டிப் பழகிய குரல். அந்தக் குரலோடு என் கடைக்கு வந்து, ரம்பத்தோடு வந்த இங்கிலீஷ் விளக்கத்தை என்னை வாசிக்கச் சொல்லி, புரியாத இடத்தில் "மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு" என்று உயிரை எடுத்தார். கண்ணுக்குப் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றும் வாங்கினார். அதன்பிறகு அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை, சொல்வதெல்லாம் அவர்தான்.

வேலை செய்கிற அழகைத்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை. பலகை இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும், குனிந்து வெட்டக்கூடாது. பிளேடின் பல் பலகைக்குக் கீழே கொஞ்சமாக எட்டிப் பார்த்தால் போதும். வெட்டி விழப்போகிற துண்டுக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. "ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்தா நடுவுல தொங்கி பிளேடைக் கவ்விக்கும். கவ்வினா ரம்பம் நம்ம மேலயே துள்ளி வரும்லா." அதனால் அக்கா ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்பதே இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். இரண்டு கையும் பிடியில் இருக்கும். தள்ளமாட்டார், அது போகிற வேகத்துக்குக் கூடவே போவார். வெட்டி முடித்ததும் பிளேடின் பற்களை இரும்பு மூடி 'டக்' என்று தானாக வந்து மூடும். சுற்றுவது நின்று சத்தம் அடங்கும்வரை கீழே வைக்கமாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தாலும் அதுவரை பதில் வராது.

அடுத்த வீட்டு நூருன்னிசாவுக்குச் சமையலறையில் சாமான் வைக்கப் பலகைத் தட்டு, கோடி வீட்டுச் சீனருக்குச் செருப்பு ரேக் என்று நாளாக ஆகப் பெயர் பரவியது. சீக்கிரம் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. "அவசரமா? அப்ப நாளைக்கு வாங்க" என்று பேட்டரியைக் கழற்றிவிடுவார். கொஞ்சம் தற்பெருமையும் உண்டு. வெட்டிய ஓரத்தை எல்லாரையும் தடவிப் பார்க்கச் சொல்வார். நானும் தடவிப் பார்த்து "நல்லா இருக்குக்கா" என்பேன். உள்ளுக்குள், என் கையில் கிடைத்திருந்தால் இதைவிட நன்றாக வெட்டியிருப்பேன் என்று கறுவிக்கொள்வேன்.

என் பொறாமையாவது மூன்று வீடு தள்ளி இருந்தது. லாசரஸின் பொறாமை அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியது. "பொம்பளைக்கு எதுக்கு லா ரம்பம்? விளையாட்டுச் சாமான் அது. நாலு பலகை வெட்டினா மூச்சு நின்னுடும்" என்று புளோக்கின் கீழ்த்தளத்து வாய்ட் டெக்கில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போதே அவர் கண் மாடியைப் பார்க்கும். நூருன்னிசா தன் வீட்டுப் பலகைத் தட்டைக் காட்டி, "அண்ணே, அக்காவோட கை வேலை பாத்தீங்களா?" என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பாவம் கொஞ்ச நேரம்தான்.

ஒரு நாள் அக்கா காலை ஷிஃப்ட்டுக்குப் போனதும் லாசரஸ் ரம்பத்தைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு குவீன்ஸ்டவுனில் வேலை நடக்கிற வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே டைல்ஸ் போடுகிற ஜலாலுதீனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, புது மாப்பிள்ளை மாதிரி பெட்டியைத் திறந்தார். ரம்பம் இருந்தது, பேட்டரி இல்லை. அது அக்காவின் கைப்பையில் ஜெபமாலைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. "என்ன லாசர் அண்ணே, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று ஜலாலுதீன் கேட்டாராம். கடைக்கு வந்தபோது அவர்தான் சொன்னார். அன்று எனக்குச் சோறு கூடுதலாகவே இறங்கியது.

அதிலிருந்து லாசரஸ் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். அக்காவோ வழக்கம்போலச் சோறு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

"கொடுத்துத் தொலைச்சுடக் கூடாதாக்கா? அண்ணன் தச்சரு. உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்று ஒரு நாள் கேட்டேன். அவரிடமிருந்தால் இரவல் வாங்குவது சுலபம் என்ற கணக்கும் எனக்கு இருந்தது.

அக்கா ரம்பத்தைத் துடைப்பதை நிறுத்தினார். "அவரோட பழைய ரம்பத்தப் பாத்திருக்கியா? மூடிய இழுத்துக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காரு. ஒவ்வொரு வெட்டுக்கும் மூடி தடுக்குதாம், லேட் ஆகுதாம். சைட்ல எல்லாரும் அப்படித்தான் கட்றாங்களாம். போன தவக்காலத்துல வெட்டி முடிச்சு ரம்பத்தைத் தொடைகிட்ட இறக்கியிருக்காரு, பிளேடு இன்னும் சுத்திக்கிட்டு இருந்துருக்கு. பேன்ட்டு இந்த நீளத்துக்குக் கிழிஞ்சுபோச்சு." கையை விரித்துக் காட்டினார். "என்கிட்ட ஆணி மாட்டுச்சுன்னாரு. தச்சுக் குடுத்தது நான்தானே? எது ஆணி, எது பிளேடுன்னு எனக்குத் தெரியாதா? வெரல ஐஸ் பையில போட்டுத் தூக்கிட்டு வர்ற ஆம்பளைங்கள டெய்லி பாக்கறேன் தம்பி. அவங்களும் எல்லாரும் அப்படித்தான் கட்றாங்கன்னுதான் சொல்றாங்க. கம்பிய எடுங்கன்னா என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. சிரிக்கட்டும். இத மட்டும் கட்டறதுக்குக் குடுக்கமாட்டேன்."



கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் கோயில் குடிலை வருஷா வருஷம் லாசரஸ்தான் கட்டுவார். சனங்கள் மாதாவையும் சூசையப்பரையும் கும்பிட்டுவிட்டு, "லாசரஸ் குடில் இந்த வருஷம் ஜோர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாழ்கிற மனிதர் அவர். இந்தத் தடவை ஃபாதர் குடிலை வெளியே வாசல் மரத்தடியில் வைக்கலாம் என்றுவிட்டார். அங்கே பிளக் கிடையாது, கோயிலிலிருந்து வயரும் எட்டாது. எல்லார் முன்னாலும் ஃபாதர், "மதலேனா, நீங்க உங்க ரம்பத்தைக் கொண்டுவாங்க" என்றார். லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இனி அது மதலேனா குடில்தான் என்று எனக்குப் பக்கத்திலேயே ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா மரத்தடியில் பெட்டிப் பலகைகளை அடுக்கி வெட்ட ஆரம்பித்தார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். லாசரஸ் கோயில் கேட் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கும் போகவில்லை, பக்கத்திலும் வரவில்லை. ஒவ்வொரு துண்டு விழும்போதும் அவர் தாடை இறுகியது.

எனக்கு ஆசை அடங்கவில்லை. "அக்கா, ஒரே ஒரு பலகை நான் வெட்டட்டுமா?" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டைக் கைய மடிச்சுட்டு வா" என்றார். பூசைக்காகப் போட்ட முழுக்கைச் சட்டை. அவசர அவசரமாக முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டேன். அந்த ரம்பம் என் கைக்கு வந்தது. அலமாரியில் துடைத்தபோது இருந்த கனம்தான், ஆனால் இப்போது உயிரோடு இருந்தது. பலகையில் வைக்கப்போனேன்.

"அவனுக்குக் குடுப்பே, எனக்குக் குடுக்கமாட்டியா?"

லாசரஸ் என் பக்கத்தில் நின்றிருந்தார். பல நாளுக்குப் பிறகு அக்காவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் கம்பி கட்டமாட்டான்" என்றார் அக்கா.

லாசரஸ் என் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்காமல், "நானும் கட்டமாட்டேன்" என்றார்.

"அந்தப் பழசுலயும்?"

"அதுலயும் எடுத்துடறேன் மதலேனா. இன்னிக்கே எடுத்துடறேன்."

அக்கா என் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிப் பேட்டரியைக் கழற்றினார். இரண்டையும் பெஞ்சில் வைத்தார். லாசரஸின் வலது கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக நீவி நீவி முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். பிறகு இடது கை. லாசரஸ் சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவர் விரல்களை அக்கா ஒரு தடவை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்தார்.

நான் என் சட்டைக் கைகளை இறக்கிவிட்டுப் பித்தான் போட்டுக்கொண்டேன்.