'அவுக' என்ற ஃபோல்டர்

நம்பாதவர்கள் பாளையம்பட்டிக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கலாம். ஜெகதீஸ்வரன் தொடமாட்டான். போன சித்திரையில், கத்திரி வெயிலில், பட்டப்பகலில் அவனுக்கு நடந்தது இது. ராத்திரி வரைக்கும் காத்திருக்கிற பொறுமை எல்லாப் பேய்க்கும் இருக்காது.

அவன் கல்லூரியில் மூன்றாம் வருடம். தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் வாங்கிவந்து, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக் கொடுப்பான். உபுண்டு, மின்ட், டெபியன் என்று அதிலேயே மாதத்துக்கு ஒரு வகை. பாதிப்பேர் கேட்காமலேயே பெற்ற சேவை.

எதிர்வீட்டு ரேணுகாதேவி அக்கா, கணவர் இறந்தபின் பரளச்சியிலிருந்து மகளோடு குடிவந்தவர். கம்ப்யூட்டர் பெட்டியைக் கொடுக்கும்போதே சொன்னார்.

"மத்தது போனாப் போகுதுப்பா. 'அவுக'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அவுக பேசுனது. அத மட்டும் தொட்டுராத. வேற எங்கயும் இல்ல."

கணவர் பெயரை வாயால் சொல்லாதவர், ஃபோல்டருக்கும் அப்படியே வைத்திருந்தார்.

மதியம் 2.10. டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று லினக்ஸ் ஏற்றும் இன்ஸ்டாலர் கேட்டது. நூறு தடவை அமுக்கிய பட்டன். கை பழக்கத்தில் அமுக்கியது. ஃபோல்டர் ஞாபகம் வந்தபோது 2.14.

கோபம் தலைக்கேறியது. காப்பி எடுத்து வைக்காத அக்கா மேல், ஒரே தடவை கேட்டுவிட்டு வேலையை முடித்த இன்ஸ்டாலர் மேல், வெயில் மேல். தன் மேல் மட்டும் வரவில்லை. கண்டபடி திட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

"டிஸ்க்கு ஏற்கெனவே செத்துப்போச்சுக்கா. ஒண்ணும் மிஞ்சல."

 அந்தப் பக்கம் போன் கட்டானது.

2.31. லினக்ஸ் ஏறி முடிந்த நேரம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அவன் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

லாகின் திரையில் அவன் உருவாக்கிய பெயர், ரேணுகா. அதன் கீழே இன்னொன்று... மாதவன்.

யார் மாதவன்?

எரிச்சலோடு பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணையவில்லை.

டக்... டக்... பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் விழுந்தன. கீபோர்டில் யார் கையும் இல்லை.

ஸ்பீக்கர் மாட்டாத பெட்டிக்குள் ஓர் இருமல்.

"ஏலே... யாரக் கேட்டுலே அழிச்ச?"

2.34. எல்லாம் அணைந்தது.

சாயங்காலமே பெட்டியை அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார். சுவரில் மாலை போட்ட படம். கீழே பெயர்: மாதவன். இறந்து நான்கு வருடம்.

"ஃபோல்டர் அப்படியேதான்ப்பா இருக்கு. முன்ன பதினோரு ஆடியோ. இப்பப் பன்னெண்டு. கடைசியில அவுக உம்பேரச் சொல்லித் திட்டுறாக. பொய்யிங்கிறாக. என்னப்பா பொய்யி சொன்ன?"

அவன் படத்தைப் பார்க்காமல் வாசலுக்கு இறங்கினான்.

போன வாரம் பதிமூன்றாவது வந்திருக்கிறது. அன்றிலிருந்து அக்கா அவன் முகத்தில் விழிப்பதில்லை. அதில் மாதவன் பேசவில்லை என்று மகள்தான் சொன்னாள். பட்டன் அமுக்கும் சத்தம்... வசவு... பிறகு ஜெகதீஸ்வரனின் குரல், டிஸ்க்கு ஏற்கெனவே செத்துப்போச்சு என்று.

அந்தப் பெட்டியில் மைக் கிடையாது.