ஹெட்லைட்டுக்கு வைத்த பொட்டு

நூம்பலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை. எடுத்ததைப் பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை எல்லோரிடமும் திட்டு வாங்குவதும் என் வேலைதான். குமணன்சாவடியில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பைக் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அதனால் சோதனை ஓட்டத்துக்கு ட்ரோன் வருகிறது என்றதும் அதிகம் குதித்தது நான்தான்.

முதலில் போக வேண்டியிருந்தது ஒரு பச்சைக் குழந்தையின் ரத்தம். மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் படுக்கவைத்திருந்தோம். மஞ்சள் குறைந்திருந்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் மறுபடி விளக்குதான். முந்தின நாள் எடுத்த ரத்தம் பைக்கில் பள்ளம் பள்ளமாகக் குலுங்கிக் கெட்டுவிட்டது, சோதிக்க முடியாது என்று லேபில் கைவிரித்துவிட்டார்கள். மறுபடி குதிகாலில் குத்தினேன். குழந்தை வீறிட்டது.

"இன்னொரு வாட்டி குத்த உடமாட்டேன்க்கா" என்றாள் அதன் அம்மா. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கோபமெல்லாம் அந்த ரோட்டின் மேல்தான்.

மொட்டை மாடியில் ட்ரோனை வைத்து, அதன் பெட்டிக்குள் ரத்தக் குழாயைப் பூட்டினோம். ரிமோட்டில் அதை ஓட்டுபவர் கோயம்புத்தூர்க்காரர், அதட்டக்கூடத் தெரியாத பிள்ளை. குழந்தையின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். யார் தடுத்தும் கேட்காமல் மாடியேறி வந்து ட்ரோனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

ட்ரோன் கிளம்பவில்லை. கோயம்புத்தூர்க்காரர் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். யாருக்கோ போன் போட்டார். இதற்குப் பைக்கே தேவலை என்று நான் சத்தம் போட்டேன். பாவம், அவர் ரிமோட்டின் திரையை என்னிடம் நீட்டினார்.

"எல்லாமே மஞ்சளாத் தெரியுதுங்க."

மஞ்சள் குறைய வேண்டும் என்று காத்திருப்பவர்களிடம் சொல்கிற வார்த்தையா இது? நான் ட்ரோனுக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். வட்டமான கேமராக் கண்ணாடியில் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம்.

ஷேர் ஆட்டோக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "மொதோ மொதோ நம்ம கொயந்திக்காகப் போவுது. ஹெட்லைட்டுக்குப் பொட்டு வெக்காம எப்டிக்கா அனுப்பறது?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடியைப் பதமாகத் துடைத்துவிட்டு, இது ஹெட்லைட் இல்லை, அதன் கண் என்றார்; பெட்டியின் மூடியைக் காட்டி, இங்கே வையுங்கள் என்றார். அங்கே புதிதாக ஒரு பொட்டு ஏறியது. ட்ரோனும் ஏறியது. மெட்ரோ தூண்களுக்கு மேலே, கீழே நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டிகளுக்கு மேலே, அது பாட்டுக்குப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை ஷேர் ஆட்டோக்காரர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ரத்தம் கெடாமல் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் இறங்கிவிட்டது என்று மத்தியானமே முடிவு வந்தது. நான் சொன்னதும் அந்த அம்மா குழந்தையின் குதிகாலை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அம்மா மடியில் குழந்தை, அதன் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு. வண்டியைக் கிளப்பப் போனவர் என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பாத்துக்கக்கா, கண்ண உட்டுத் தள்ளித்தான் வெச்சிகீறேன்."