மாமாவின் செய்தி நேரம்

மெஷின் வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: மாமா, அதாவது என் மாமனார். அத்தை, அவர் மனைவி. என் கணவர், கோலா கெடாவிலிருந்து மீன் லோரி ஓட்டுகிறவர், அன்று லீவு போட்டிருந்தார். நான். பிறகு மாமாவின் ரேடியோ. அதையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை.

லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாமா மண்டோராக இருந்தவர், ஆட்களை வேலை வாங்குகிறவர். லயத்து வரிசை வீட்டில் அவர் ரேடியோவைத் திருகினால் பிள்ளை அழக்கூடாது, சட்டி உருளக்கூடாது. சிற்றலையில் கடல் தாண்டி வரும் தமிழ்ச் செய்தி அது. மயிரிழையில் நிற்கும். முள் அங்கே வந்ததும் கையை எடுத்தால் நழுவிவிடும். ஆளின் உடம்பும் பாதி ஏரியல். அதனால் கட்டைவிரலைத் திருகிலேயே வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் சுத்தமாகக் கேட்டதாம். கூலிமில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு எதைப் போட்டாலும் ரேடியோவுக்குள் கரகரப்பு. செய்தி நேரத்தில் சார்ஜர், லைட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். கைப்பேசியில் கேட்கலாம் என்று கணவர் சொன்னார். மண்டோருக்கு அது செய்தி இல்லை.

அத்தைக்கு நுரையீரல் கெட்டுப்போனது. மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது ஓடுகிற சத்தம் காதுக்குப் பெரிதில்லை. ரேடியோவுக்குள் புகுந்தால் செய்தியே இல்லை, வெறும் இரைச்சல்தான்.

“இது என்னா, வண்டு மாதிரி கத்துது? அடை அத.”

“மாமா, அத்தைக்கு மூச்சு.”

“அர மணி நேரத்துல செத்தா போயிடுவா? ரப்பர் பால்வாளி தூக்குன உடம்பு லா அது.”

அடைத்துவிட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடும்மா. அவரு ரேடியோ கேக்கறப்ப நான் மூச்சு விடாம இருந்துதானே பழக்கம்,” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் மறுநாள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். இப்படித் திருப்பினால் இரைச்சல் குறைந்தது, ஆனால் செய்தியும் போனது. பின்கதவைத் தாண்டித் துணி காயப்போடும் கம்பியிடம் போனதும் தெளிந்தது. அங்கே நாற்காலி போட்டு மாமாவைக் கூப்பிட்டேன். வந்தார். நின்றபடி கொஞ்சம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “மண்டோரு வெளிய, மெஷினு உள்ளயா?”

ரேடியோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கணவர் கேட்டதற்கு, “என் வூட்டுல நான் எங்க உக்காரணும்னு நீ சொல்றியா?” என்றார். அதோடு கணவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன், பிய்த்திருந்தது. நான் வேலை செய்யும் கம்பெனியில் மாலை ஷிப்டை மாற்றிக் கேட்டேன், கிடைத்தது. செய்தி நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் அவர் கை சுவிட்சுக்குப் போகாது. இரைச்சலோடு கேட்டுவிட்டு என்னை முறைப்பார்.

இப்போது மெஷினைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். கட்டிலையும் மடக்கிவிட்டோம். மாமா தினமும் கேட்கிறார். ஒரு கரகரப்பும் இல்லை. நான் சோறு போடுகிறேன். சாப்பிடுகிறார்.

மெஷின் கடைசியாக ஓடிய அன்று கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டது. இருட்டும் நேரத்தில் தெருமுனையில் இறங்கினேன். கேட்டுக்கு வருவதற்குள்ளேயே காதில் விழுந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல், ஒரு சொல் பிசகாமல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

செருப்போடு ஓடினேன்.

“இரு லா, முடியப் போவுது,” என்றார் மாமா, விரலை எடுக்காமல்.

மெஷினைப் போட்டேன். அத்தையின் வாயிலிருந்து முந்தானையை எடுத்தேன். உதடு நாவற்பழ நிறம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் கவ்வி ஒன்றைத் தாதி கொடுத்திருந்தார். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றிருந்தார். மாட்டினேன். எண் வர நேரமானது.

நாற்பத்தொன்பது.