டேப்புக்கு வைத்த பொட்டு

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் பேக்கப் எடுக்கிறவர் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுபோன நாளில் வேறு பெயரே யாருக்கும் ஞாபகம் வராது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் உத்திரமேரூர் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் நான் சிஸ்டம் அட்மின். மாணவர்களின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். அது படுத்தால் லேபில் ஒரு கம்ப்யூட்டரும் யாரையும் உள்ளே விடாது.

ஜோடி சர்வர்

அதற்குத் துணையாக இன்னொரு சர்வரும் உண்டு. ஒன்றில் செய்த மாற்றம் தானாகவே மற்றதிலும் ஏறிவிடும். ஒன்றில் தப்பாக அழித்தால் மற்றதும் சமர்த்தாக அழித்துவிடுமே என்றுதான் தினமும் கேசட் மாதிரி ஒரு டேப்பில் தனியாகப் பிரதி எடுப்பேன். மாதம் ஒருமுறை அதைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாம் திரும்பி வருகிறதா என்றும் பார்ப்பேன். லெக்சரர் பாஸ்கர் சாருக்குச் சிரிப்பு தாங்காது.

"ரெண்டு சர்வர் கீது, அதுக்கு மேல டேப்பு, அதுக்கு ஒரு ரிகர்சல் வேற. வூட்ல கேஸை மூடிட்டு எத்தினி வாட்டி திரும்பி வந்து பாப்பீங்க மேடம்?"

சந்தனமும் குங்குமமும்

ஆயுத பூஜைக்கு சர்வர், மானிட்டர், மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் லேப் அட்டெண்டர் ஏழுமலை அண்ணன் அலமாரியில் இருந்த டேப்புகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் மூடியையும் விலக்கி, உள்ளே இருக்கும் நாடாவிலேயே சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். ஒன்றுகூடத் தேறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனோ பொறுமையாக விளக்கினார்.

"டப்பா மேல வெச்சா அது டப்பாவுக்குத்தான் சேரும் மேடம், உள்ள கீறதுக்கு எப்டி சேரும்?"

பீரோ

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அன்றைய டேப் என்னோடு வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவே தூங்கியது. என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"நகை வெக்கிற எடத்துல இத வெச்சிக்கினு கீறியே, திருட வர்றவன் இன்னா நெனப்பான்?"

பிராக்டிகல் பரீட்சை

கடைசி வருடப் பிராக்டிகல் அன்று காலை. படித்து முடித்துப் போனவர்களின் பெயர்களை நீக்குகிறேன் பேர்வழி என்று, பரீட்சை எழுத வேண்டியவர்களையே பாஸ்கர் சார் மொத்தமாக நீக்கிவிட்டார். ஜோடி சர்வரும் கூடவே நீக்கியது. வெளியூர் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்தாயிற்று. மதியத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் பரீட்சை ரத்து என்றார். மாகறலிலிருந்து வரும் செல்வி லேப் வாசலில் நின்றிருந்தாள். அப்பா அம்மா கூலி வேலை. அவளுக்கோ கம்பெனி வேலை உறுதியாகியிருந்தது. பரீட்சை தள்ளிப்போனால் வேலையும் போய்விடும்.

விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஏழுமலை அண்ணனின் மொபெட்டில் வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்துவந்தேன். டேப்பிலிருந்து மீட்ட பெயர்களைச் சும்மா விட்டால், காலையில் நீக்கியதை ஞாபகம் வைத்திருக்கும் ஜோடி சர்வர் அவற்றை மறுபடி அழித்துவிடும். இதுதான் சரியான பிரதி என்று குறித்துவிட்டுத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். மாதாமாதம் செய்து பார்த்த கை தடுமாறவில்லை. செல்வி பாஸ்வேர்டை அடித்து உள்ளே போன பிறகுதான் டேப்பை வெளியே எடுத்தேன். பாஸ்கர் சார் நிம்மதியாக டீயை உறிஞ்சினார்.

"பாத்தீங்களா மேடம், எல்லாம் அப்டியே கீது, ஒண்ணுமே ஆவல. இதுக்குப் போயி டேப்பு கீப்புன்னு எதுக்கு பேஜார் பண்ணிக்கிறீங்க?"

ஒழுங்காக எடுத்த பேக்கப், தான் தேவையே இல்லை என்று ஊருக்கு நிரூபித்துவிடும். அதற்காக விட்டுவிட முடியுமா, அன்று சாயங்காலமும் டேப்போடுதான் பஸ் ஏறினேன்.